மூன்று கால் இருந்தால் போதுமா?

நாற்காலி ஆடும். மேஜை ஆடும். டீக்கடை பெஞ்சுக்கு ஒரு காலின் கீழே எப்போதும் ஒரு செங்கல் சில்லு இருக்கும். முக்காலிக்கு அந்தத் தொல்லை கிடையாது. மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும் அவற்றைத் தொட்டுக்கொண்டு ஒரு தளம் போகும், எனவே மேடு பள்ளம் எதுவானாலும் மூன்று காலும் தரையில் பதிந்துவிடும். பள்ளிக்கூடத்திலேயே படித்த சமாச்சாரம்தான்.

ஆனால் ஆடாமல் இருப்பது வேறு, அமுங்காமல் இருப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பங்காளிச் சண்டை ஒன்று வெடிக்கப் பார்த்தது.

அந்தப் பையன் டிப்ளமோ சிவில் முடித்தவன். பழைய லெவல் மெஷின் ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டான். ஸ்டாண்டு மட்டும் இல்லை. கடையில் இரண்டு வகை காட்டினார்கள். அலுமினியம் என்றால் நாலு கிலோ, தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடலாம். மரம் என்றால் ஏழு கிலோ, பார்க்கவே தாத்தா காலத்துச் சாமான் மாதிரி இருந்தது. எதை வாங்கினான் என்று சொல்லவும் வேண்டுமா? அலுமினியம்தான்!

வாங்கிய வாரமே வேலை வந்தது. அவன் மாமாவுக்குக் கடைமடையில் நிலம். மதகிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு வருஷமாகத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. வாய்க்கால் வெட்டியபோது கிலோமீட்டருக்கு 20 செ.மீ. இறக்கம் என்று கணக்கு. நடுவில் 800 மீட்டரில் வண்டிப்பாதைக்காகப் பங்காளி ஒருவர் சிமெண்ட் குழாய் பதித்திருந்தார். மாமாவுக்கு அந்தக் குழாய் மேல்தான் சந்தேகம்.

டெல்டாவில் இந்த மாதிரிச் சந்தேகத்தை அற்பம் என்று ஒதுக்க முடியாது. கல்லணைக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர்த் திட்டத்தோடு 1934-இல் வந்தது, சுமார் 148 கி.மீ. நீளம். புது ஆறு என்றுதான் ஊரில் சொல்வார்கள். தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று தண்ணீர் தானாகவே நடந்து போக வேண்டும். மோட்டார் இல்லை, அணை உயரம் இல்லை, சரிவு மட்டும்தான். அந்தச் சரிவும் கண்ணுக்குத் தெரியாத சரிவு. இங்கே ஒரு விரல் கனம் என்பது ஒரு குடும்பத்தின் நடவு.

மாசி மாதம். சம்பா அறுத்த வயல். பையன் மதகின் கல்லில் ஆரம்பித்தான். ஐம்பது மீட்டர் பின்னால் ஸ்டாஃப், ஐம்பது மீட்டர் முன்னால் ஸ்டாஃப், நடுவில் மெஷின். கிலோமீட்டருக்குப் பத்து இடத்தில் முக்காலி வைத்தான். குழாய்க்கு வந்தபோது இறக்கம் 14.4 செ.மீ. வந்தது. 16 வந்திருக்க வேண்டும். அதாவது குழாய் ஒரு விரல் கனம் தூக்கலாக இருக்கிறது!

"பாத்தியா, நான் சொன்னேன்ல! வேணும்னே தூக்கிப் பதிச்சிருக்கான்" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். மாலையே நாலு பேரைக் கூட்டிப் பேசுவதாக ஏற்பாடு.

நல்ல வேளையாகப் பையன் படித்ததை மறக்கவில்லை. ஆரம்பித்த கல்லுக்கே திரும்பி அளந்து முடிக்க வேண்டும் என்பது லெவல் வேலையின் விதி. முடித்தான். கணக்குப் போட்டால் மதகின் கல் காலையில் இருந்ததைவிட 4 செ.மீ. உயரமாக இருந்தது. மதகு வளருமா? இரண்டு கிலோமீட்டர் சுற்றுக்கு 17 மி.மீ. தாண்டக் கூடாது என்பது சாதாரணக் கணக்கு (12-ஐ கிலோமீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்).

ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் ஊரில் இருந்தார். நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினான்.

"கூட்டல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. ஸ்டாண்டு எங்க வச்ச?"

"வயல்லதாங்கய்யா. நல்லா காஞ்சுதான் இருந்துச்சு."

"மேல தோலு காஞ்சிருக்கும். உள்ள களி. நீ பின்னால பாத்துட்டு முன்னால திரும்பறதுக்குள்ள அது ரெண்டு மில்லி உக்காந்திருக்கும். போய்க் காலு வச்ச குழியப் பாரு, தெரியும்."

விஷயம் அவ்வளவுதான். மெஷின் ஒவ்வொரு இடத்திலும் 2 மி.மீ. இறங்கினால் முன்னால் இருக்கும் புள்ளி ஒவ்வொரு முறையும் 2 மி.மீ. உயரமாகத் தெரியும். தவறு ஒரு முறை கூடி, ஒரு முறை குறைந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இது எப்போதும் ஒரே பக்கம் சேரும். இருபது இடம், 40 மி.மீ. மதகு வளர்ந்த கதை இதுதான். குழாய் தூக்கலான கதையும் இதுதான். எட்டு இடம், 16 மி.மீ. இந்தக் காலத்து லெவல் மெஷின் லேசாகச் சாய்ந்தால் உள்ளே இருக்கும் தொங்கல் தானே சரிசெய்துகொள்ளும். மொத்தமாகக் கீழே இறங்கினால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இதே தஞ்சாவூர்ச் சீமையில் 200 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். வில்லியம் லாம்ப்டன். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கியவர். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. லண்டனில் செய்து அனுப்பியபோது வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்தார்கள். முக்கோண அளவைக்கு உயரமான, அசையாத இடம் வேண்டும். வேறு சீமைகளில் மலை இருந்தது. டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்கள்தான் அவருக்கு முக்காலி.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தக் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். கயிறு ஒன்று அறுந்தது. கருவி சுவரில் போய் மோதியது. கோணம் அளக்கும் மூன்றடிப் பெரிய வட்டமே நெளிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் ஊரைப் பார்க்கக் கிளம்பியிருப்பார். லாம்ப்டன் கருவியைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து ஆறு வாரத்தில் வட்டத்தை இழுத்து நேராக்கினார். அந்தக் கருவி அதற்குப் பிறகும் பல வருஷம் வேலை செய்தது! அப்போது தஞ்சையில் இரண்டாம் சரபோஜி ஆட்சி. ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரில் சத்திரம் வைத்த அதே சரபோஜிதான்.

பின்னால் எவரெஸ்ட் கங்கைச் சமவெளிக்குப் போனபோது அங்கேயும் மலை இல்லை. கோபுரத்தை நம்பாமல் அவரே கல்லும் செங்கல்லுமாகக் கோபுரங்கள் கட்டிக்கொண்டார். 1927-இல் அமெரிக்காவில் பில்பி என்பவர் இதில் ஒரு படி மேலே போனார். அவருடைய இரும்புக் கோபுரம் உண்மையில் இரண்டு கோபுரம், ஒன்றுக்குள் ஒன்று. உள்ளே இருப்பதில் கருவி, வெளியே இருப்பதில் ஆள். இரண்டும் எங்கேயும் தொடாது. ஆள் நடந்தால்கூடக் கருவிக்குத் தெரியக் கூடாதாம்.

துப்பாக்கிக்காரர்களுக்கும் இதே கவலைதான். தொலைதூர இலக்குக்கான துப்பாக்கிகளை இப்போது கனமான கார்பன் முக்காலியில் வைக்கிறார்கள். ஒரு நிமிடக் கோணம் அசைந்தால் 100 மீட்டரில் குண்டு 29 மி.மீ. தள்ளிப் போகும். காலை அகல விரி, எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வை, நடுத்தண்டை உயர்த்தாதே என்பது அவர்கள் பாடம். ஆனால் ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிளில் முக்காலிக்கு அனுமதியே கிடையாது. நின்றபடி சுட வேண்டும். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அப்படித்தான், தன் எலும்பையே தாங்கலாக வைத்து. துப்பாக்கிக்கு ஒரு நொடி அசையாமல் இருந்தால் போதும். சர்வே மெஷினுக்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். அமுங்கல் தலைகாட்டுவது அந்த நிமிடங்களில்தான்.

சரி, முக்காலி வாங்கப் போகிறவர்களுக்குச் சர்வேயர் ஐயா சொன்னதன் சாரம்:

1. எடையைப் பார்த்துப் பயப்படாதே. அலுமினியம் வெயிலில் நீளும். ஒன்றரை மீட்டர் கால் 10 டிகிரி சூடானால் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கூடும். மரம் அதில் கால்வாசிகூட நீளாது. களிமண்ணில் இரண்டும் அமுங்கும், அது வேறு கதை.

2. கடையிலேயே ஒரு காலைத் தூக்கி விட்டுப் பார். பாதியில் நின்றால் கீல் இறுக்கமாக இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் இறுக்கித் தரச் சொல்.

3. மெஷினை மாட்டித் தலையை லேசாகத் திருகிவிடு. குறுக்குக் கோடு பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். நுனியில் இருக்கும் இரும்புப் பூண் ஆடினால் அந்த முக்காலி வேண்டாம்.

4. காலை மிதிக்கும்போது கால் போகும் சாய்விலேயே மிதி, நேர் கீழாக அல்ல. சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒரு கால் மேல்பக்கம்.

5. களியில் மூன்று சவுக்கு முளை அடித்து அதன் தலையில் காலை வை. ஓர் இடத்தில் பின்னால் முதலில் பார்த்தால் அடுத்த இடத்தில் முன்னால் முதலில் பார். அமுங்கினாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

பையன் நாலு பேரை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொன்னான். மாமா முறைத்தார். மறுநாள் வெயில் ஏறும் முன்பே, ஐயாவிடம் இரவல் வாங்கிய மர ஸ்டாண்டோடும் சவுக்கு முளையோடும் இறங்கினான். சுற்றி வந்து முடித்தபோது வித்தியாசம் 9 மி.மீ. குழாயின் இறக்கம் 16 செ.மீ.க்கு மயிரிழை கூடக் குறைய. குழாய் அதன் இடத்தில்தான் இருந்தது.

அப்படியென்றால் தண்ணீர் ஏன் ஏறவில்லை? 500 மீட்டர் பக்கத்தில் வாய்க்கால் தரை 9 செ.மீ. மேடு. வண்டலும் கோரையும். வேடிக்கை என்னவென்றால் முதல் நாள் நோட்டிலேயே இந்த மேடு இருந்தது. அமுங்கலைக் கழித்தாலும் 8 செ.மீ. வரும். விரல் கனக் குழாயைப் பார்த்தவர்கள் கை அகல மேட்டைப் பார்க்கவில்லை. மேட்டில் குற்றம் சொல்ல ஆள் இல்லையே!

மாமா நோட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு "அவனையும் மம்பட்டி எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். பங்காளிக்கு நடந்தது எதுவும் தெரியாது. தூர் வாரக் கூப்பிட்டார்கள் என்று வந்தார், வாரினார், டீ குடித்துவிட்டுப் போனார்.

அலுமினிய ஸ்டாண்டு இன்னும் பையனிடம்தான் இருக்கிறது, சிமெண்ட் தரையில் வேலை வந்தால் எடுப்பான். வயலுக்கு என்றால் இரவல் மர ஸ்டாண்டுதான், கூடவே கக்கத்தில் மூன்று சவுக்கு முளை.