டவல் தூக்கிய கை

ஈரானில் ஷிராஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம், பெர்சிபோலிஸ். டேரியஸ் அரண்மனைச் சுவரில் ஒரு கையில் டவலும் மறு கையில் அத்தர் குப்பியுமாகத் தாடியில்லாத பணியாள். 'ராஜாவோட பி.ஏ. போல!' என்று சிரித்தேன். கைடு விளக்கியதும் சிரிப்பு போச்சு. பாபிலோன் கட்டிய வருஷ வரியில் வெள்ளியோடு, காயடிக்கப்பட்ட 500 சிறுவர்களும் அடக்கமாம். எழுதி வைத்தவர் ஹெரோடோட்டஸ். பெற்றவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும்!

இப்படிக் காயடிக்கப்பட்ட ஒருத்தன்தான் பகோவாஸ். மூன்றாம் அர்த்தக்செர்க்ஸஸ் அவனைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். கி.மு. 338-ல் அவருக்கே விஷம் வைத்தான் என்கிறார்கள் கிரேக்கர்கள். கடைசி மகன் அர்செஸை அரியணை ஏற்றினான். ரெண்டு வருஷத்தில் அவனும் காலி. அடுத்து மூன்றாம் டேரியஸ். அவருக்கும் கோப்பை தயார். ஆசாமி உஷார்! பகோவாஸை அன்பாகக் கூப்பிட்டு, அதே கோப்பையை அவனையே குடிக்க வைத்தார்.

அர்த்தக்செர்க்ஸஸின் கல்லறை அரண்மனைக்கு மேலே மலையில் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறினேன். உள்ளே வெறும் கல்தான்.