அடெல்ஃபியில் ஒரு சனிக்கிழமை

ஒலிபெருக்கியைப் பிள்ளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்களா? சிட்டி ஹால் எம்ஆர்டியில் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, குழந்தையைக் கொஞ்சக் குனிந்த ஒரு மாது, துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மரப்பெட்டியைக் கண்டு ஒன்றும் பேசாமல் நிமிர்ந்துகொண்டார்.

பெட்டி அப்பாவுடையது. தொண்ணூறுகளில் போனஸ் பணத்தில் வாங்கிய ஜோடியில் ஒன்று. முன்பக்கம் கறுப்புத் துணி கட்டிய சட்டம் இருக்கும். அதை அவர் ஒருநாளும் கழற்றியதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீவக வீட்டுக்கு அவர் குடிவந்தபோது நான்தான் கழற்றினேன். ஊடகம் படித்தவள், தினமும் ஒலியோடு பிழைப்பவள் என்ற தெனாவட்டு. அப்பாவுக்கும் ஒரு குறை இருந்தது. “நீ ரேடியோவில பேசுறது கேட்குதும்மா. என்ன சொல்றேன்னுதான் பிடிபடல.” துணிதான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மூன்றே வாரம். என் நான்கு வயது மகள் ட்வீட்டரின் நடுவில் விரலை வைத்து அழுத்தினாள். பட்டுப்போல் இருந்த குமிழ் உள்ளே போய்விட்டது. “முப்பது வருஷம் மூடி வச்சிருந்தேன்,” என்றார் அப்பா. அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாள் வானொலியே போடவில்லை. என் நிகழ்ச்சிக்கும் சேர்த்துத்தான்.

அதனால்தான் கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபிக்குப் போனேன். முன்பு அதே இடத்தில் இருந்த ஹோட்டலின் பெயரையே தாங்கி நிற்கும் கட்டடம். பக்கத்தில் நேஷனல் கேலரிக்குச் சுற்றுப்பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். எதிரே பெனின்சுலா பிளாசாவில் மியன்மார்க் கடைகள் கலகலக்கும். அடெல்ஃபிக்குள் நுழைந்தால் வேறு உலகம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு சோபா, இரண்டு பெட்டிகள், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அடுத்த கடையிலும் அதேதான்! சில பெட்டிகளின் விலையைப் பார்த்துவிட்டு வெள்ளியா, காசா என்று இன்னொரு முறை பார்த்தேன்.

நான் போன கடையில் எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். குமிழின்மேல் ஒட்டுநாடாவை மெல்ல வைத்து, மெல்ல இழுத்தார். இரண்டாவது முறையில் வெளியே வந்துவிட்டது. ஒரு சிறு சுருக்கம் மட்டும் மிச்சம். துணிக்குமிழ் என்பதால் பிழைத்தது, உலோகக் குமிழாக இருந்தால் நசுங்கியது நசுங்கியதுதான் என்றார். “சட்டம் எங்கே?” என்று கேட்டார். கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, என்னைச் சோபாவில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

அவர் கடைப் பெட்டிகளின் சட்டங்கள் காந்தத்தில் ஒட்டுபவை. ஒரே பாட்டின் ஒரே அரை நிமிடத்தை ஐந்து முறை போட்டார். ஒவ்வொரு முறையும் இடையில் எழுந்து போய் டொக், டொக் என்று சத்தம் செய்தார். மாற்றாதபோதும் அப்படித்தான் செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்தில் மூன்று சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். பத்தாண்டு வானொலி அனுபவம்!

வித்தியாசமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. துணியை வாயருகே பிடித்து ஊதிக் காட்டினார். மூச்சு தடையில்லாமல் போனால் ஒலியும் பெரும்பாலும் போய்விடும், மிகக் கூர்மையான ஒலிகளில் மட்டும் சிறிது குறையலாம். அதைவிட, துணியைத் தாங்கும் சட்டத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றார். அதன் விளிம்பு தடிமனாக இருந்தால் ட்வீட்டரிலிருந்து வரும் ஒலி அதில் பட்டுத் திரும்பி நேர் ஒலியோடு குழம்பும். என் அப்பாவின் சட்டம் தடிமன்தான்.

சில பெட்டிகளில் கதை தலைகீழ். அலமாரியில் ஒரு சிறிய பெட்டியைக் காட்டினார். எனக்குப் படிப்பிலேயே அறிமுகமானது: பிபிசி 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. அதன் துணியையும் கணக்கில் சேர்த்தே ஒலியைச் சரிசெய்திருக்கிறார்கள். அதைக் கழற்றினால் கெடுத்ததாக ஆகும். யமஹா என்எஸ்10 வேறு ரகம். வெள்ளைக் கூம்பு தெரிய, துணியில்லாமல் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் நிற்பது. அதன் ட்வீட்டர் கூச்சலிடுகிறது என்று பொறியாளர்கள் மெல்லிய டிஷ்யூ தாளைத் தொங்கவிட்டார்கள். எடுத்த துணிக்குப் பதில் தாள்!

அப்பாவின் குறையை அப்போதுதான் சொன்னேன். குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. பெரியவர் பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பிக் காதைக் காட்டினார். செவித்துணைக் கருவி. வயதாகும்போது முதலில் மங்குவது உச்ச ஒலிகள். ‘ச’வும் ‘ஸ’வும் ‘ஃப’வும் அங்கேதான் இருக்கின்றன. ‘காசு’, ‘காடு’, ‘காது’ எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். நான் தினமும் சொற்களை அழுத்தி உச்சரித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டில் ஒருவர் ஒரு வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நான் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பழுது பார்த்ததற்குப் பெரியவர் காசு வாங்கவில்லை. நீங்கள் போனால், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். புதுப் பாட்டில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது பகலில் துணி இருக்கிறது. இரவு மகள் தூங்கியதும் அப்பா தானாகவே சட்டங்களைக் கழற்றி அலமாரிமேல் வைக்கிறார், விடிந்ததும் மாட்டுகிறார். “எடுத்தா நல்லாத்தான் இருக்கு,” என்கிறார். உண்மையா, எனக்காகச் சொல்கிறாரா, தெரியவில்லை. பலதுறை மருந்தகத்தில் செவிச் சோதனை பற்றிக் கேட்டுவரலாம் என்றேன். “எனக்கென்ன, நல்லாத்தானே கேட்குது,” என்றார். மறுபடி கேட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.