வெள்ளிக்கிழமை நுரை



1999ஆம் ஆண்டு சவூதியிலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்பிய வாப்பா, சில மாதங்களில் கறுப்பு நிறத்தில் ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் வாங்கினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்ததும் அதைக் கழுவுவார்கள். ஒரு வாளித் தண்ணீர், பழைய கைலியில் கிழித்த இரண்டு துணிகள், அவ்வளவுதான். இரண்டாவது வாளிக்கு எங்களை அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கிறது. கிணற்றில் ஊறுவது உப்பு நீர். நல்ல தண்ணீர் முறைவைத்துக் குழாயில் வரும்; இல்லையேல் விலைக்கு வரும்.

வாப்பா வஃபாத்தான பிறகு அந்த வண்டி என்னிடம் வந்தது. வாளியைக் கைவிட்டு ரப்பர்க் குழாயைப் பிடித்தேன். துணி துவைக்கும் தூளைக் கரைத்துத் தேய்த்தேன். ஓரிரு ஆண்டுகளில் பெட்ரோல் டேங்கின் பளபளப்பு போய், கறுப்பு சாம்பலாகிவிட்டது. கடற்காற்றின் மேல் பழிபோட்டுக்கொண்டிருந்த என்னை மெக்கானிக் திருத்தினார். துவைக்கும் தூளின் காரம் வண்ணப்பூச்சின் மேலிருக்கும் மெழுகை அரித்துவிடுமாம். அதைவிடப் பெரிய குற்றவாளி மணல். ஈரம் போதாத துணியால் தேய்க்கும்போது ஒவ்வொரு மணல் துகளும் உப்புத்தாளைப்போல் கீறிக்கொண்டே போகும். உண்மையைச் சொன்னால், வாப்பாவின் ஒற்றை வாளியிலும் இந்தக் குறை இருந்தது. துணியில் ஒட்டிய மணல் வாளிக்குள் இறங்கி, மீண்டும் துணியிலேயே ஏறி வண்டிக்குத் திரும்பியிருக்கும்.

சென்ற ஆண்டு என் மகன் நுரை ஷாம்பு ஒரு போத்தல் வாங்கி வந்தான். காரமும் அமிலமும் இல்லாத, நடுநிலையான வகை. நுரை வழுவழுப்பாகப் படர்ந்து, மண்ணை நெகிழச் செய்து கீழே இறக்கிவிடும். அதன்பின் துணி படும்போது கீறல் குறையும். இதுதான் அதன் தத்துவம். நண்பனின் கடையிலிருந்து உயரழுத்தத் தண்ணீர் பம்பு ஒன்றையும் இரவல் பெற்று வந்திருந்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி, சுள்ளென்ற வெயில். போத்தலில் எழுதியிருந்த அளவைப்போல் மூன்று மடங்கு ஊற்றினோம். வண்டி முழுவதும் வெள்ளை வெளேரென்று நுரை. மகன் சிரித்தான்; நானும் சிரித்தேன். கைப்பேசியில் படம் எடுத்து முடிப்பதற்குள் வெயிலில் நுரை காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. அதைக் கரைக்க மறுபடியும் தண்ணீர், பிறகும் தண்ணீர். பம்பின் வேகத்தில் ஸ்பார்க் பிளக் மூடிக்குள் நீர் புகுந்து வண்டி கிளம்ப மறுத்தது தனிக்கதை. ஜும்ஆவுக்கு நடந்தே போனோம். போய்ச் சேர்ந்தபோது குத்பா தொடங்கிவிட்டது.

ஆனால் என்னை உறுத்தியது அதுவன்று. எங்கள் வாசலிலிருந்து வழிந்த நுரைநீர் சந்தின் சரிவில் ஓடி, பொதுக் குழாயடியில் போய்த் தேங்கியது. அங்கே எதிர்வீட்டு மாமி குடத்துடன் காத்திருந்தார்கள். கணவரை இழந்தவர்கள், வீட்டுக்குள் குழாய் இணைப்பு இல்லாதவர்கள். காலடியில் நுரை வந்து சூழ்ந்ததும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "ஒங்க வீட்டுக்குத் தண்ணி வந்துருச்சா தம்பி? இங்கெ இன்னும் வரலெ" என்றார்கள்.

அவ்வளவுதான் கேட்டார்கள்.

நான் பள்ளிவாசல் நிர்வாகக் குழுவில் இருப்பவன். அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஹவுளுக்கு அருகிலுள்ள உளூச் செய்யும் குழாய்களுக்கு மேல் 'தண்ணீரை வீணாக்காதீர்கள்' என்ற அறிவிப்பை என் கையாலேயே ஒட்டியிருந்தேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்ததாகவும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்ததாகவும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியிருப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு முத்து என்பது நடுத்தர மனிதனின் இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. நம் ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. அந்தக் குத்பாவில் இமாம் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. நான் லிட்டர்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அளந்தும் பார்த்தேன். எங்கள் ரப்பர்க் குழாய் பதினைந்து லிட்டர் வாளியை ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் நிரப்பியது. பத்து நிமிடம் திறந்துவிட்டுக் கழுவினால் நூறு லிட்டரைத் தாண்டும். எத்தனை ஆண்டுகள், எத்தனை வெள்ளிக்கிழமைகள்! பெருக்கிப் பார்க்கும் துணிவு வரவில்லை.

நுரையை விட்டுவிடவில்லை. பிழை நுரையில் இல்லையே. உயரழுத்தப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செடிக்கு மருந்தடிப்பது போன்ற, கையால் அழுத்தி நுரை தெளிக்கும் இரண்டு லிட்டர்க் குடுவை ஒன்றை வாங்கினோம். இப்போது ஸுப்ஹுக்குப் பின், நிழலில், என்ஜின் முழுவதும் ஆறிய நிலையில்தான் கழுவுகிறோம். முதலில் குவளையால் மேலிருந்து நீர் ஊற்றி வண்டியை நனைப்போம். சொல்லியுள்ள அளவில் கரைத்த நுரையைக் கீழிருந்து மேலாகத் தெளித்து, நான்கைந்து நிமிடம், காயவிடாமல் காத்திருப்போம். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் நுரைநீர், மற்றொன்றில் துணியின் மணலை அலசுவதற்கான நீர். டேங்க் முதலில், சக்கரங்கள் கடைசியில். நல்ல தண்ணீரில்தான் கழுவுகிறோம். கிணற்று நீர் காய்ந்தால் உப்புப் புள்ளி விழும், துருவும் ஏறும். எல்லாம் சேர்ந்து முப்பது லிட்டருக்குள் முடிகிறது. உலர்ந்த துணியால் ஒற்றித் துடைத்தபின், சந்துக்குள் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்க வேண்டும். டிரம் பிரேக்குக்குள் நீர் இருந்தால் வண்டி உடனே நிற்காது.

தண்ணீரே தேவையில்லை, தெளித்துத் துடைத்தால் போதும் என்று விற்கிற நுரைகளும் உண்டு. சிக்கனம் என்று ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். மெல்லிய தூசிக்குச் சரி. எங்கள் ஊர் மணலுக்கு ஆகாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. வாசல் வேப்பமரத்துக் காகங்கள் வண்டி இருக்கையை விட்டுவைப்பதில்லை. காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் வண்ணப்பூச்சு பெயரும். நுரையில் ஊறவைத்தால் இளகித் தானே வந்துவிடும். மகன் அப்படித் துடைத்துவிட்டு, "சுத்தமாயிருச்சு" என்றான். எனக்குச் சந்தேகம் வந்து இமாமிடம் கேட்டேன். "நுரை அழுக்கைத்தான் எடுக்கும் தம்பி. நஜீஸ் நீங்கணும்னா அந்த இடத்துல சுத்தமான தண்ணி ஓடணும்" என்றார்கள். கறை போனபின் ஒரு குவளை நீரை அதன்மேல் ஓடவிட்டால் போதும். அந்தக் குவளையைச் சிக்கனத்தின் பெயரால் மிச்சம் பிடிக்க முடியாது. அதே வண்டியில் அமர்ந்து அதே உடையுடன்தானே தொழப் போகிறோம்!

கழுவிய நீரை இப்போது சந்தில் விடுவதில்லை. வாசல் ஓரத்தில் நாங்கள் தோண்டிய உறிஞ்சு குழிக்குள் போகிறது. மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்று கேட்டார்கள். நுரையைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்கு அது நினைவில் இல்லை, அல்லது இல்லாததுபோல் காட்டிக்கொண்டார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வாளியை எடுப்பதற்கு முன் மகன் குழாயடியை எட்டிப் பார்க்கிறான். அங்கே குடங்கள் காலியாக நின்றால் வண்டி அழுக்கோடுதான் ஜும்ஆவுக்கு வரும். போன வாரமும் அப்படித்தான் வந்தது.

டேங்கின் இடப்பக்கம், வாப்பாவின் முழங்கால் உரசி உரசி வண்ணம் தேய்ந்த ஓர் இடம் இருக்கிறது. நுரை பட்டால் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பாலிஷ் போட்டு மறைத்துவிடலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். அந்த இடத்தைத் துடைக்கும் வேலையை மட்டும் அவனுக்குக் கொடுப்பதில்லை.