நாள்வழியும் பேரேடும்

2016ஆம் வருஷம் டிசம்பர் 12ஆம் தேதி, வர்தா புயல் சென்னைக்கருகே கரையேறிய அன்று, நான் ஏரிக்கரை ஊரான சுண்ணாம்புக்குளத்தில் ஒரு மீனவ நண்பர் வீட்டில் அகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மகள், சர்க்கார் கொடுத்த இலவச லேப்டாப்பில் வீட்டு மீன் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்து யந்திரங்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவள் அதைத்தான் விரும்பினாள். பாட்டரி செத்து வெகுநாளாகி, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையே பிராணனாகக் கொண்டிருந்த அந்த லேப்டாப், கரண்ட் போன க்ஷணத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் கண்ணை மூடிவிட்டது.

விளக்கை அணைப்பதுபோலத்தானே கம்ப்யூட்டரை அணைப்பதும் என்று அதுவரை எண்ணியிருந்தவன் நான். வேகத்தை உத்தேசித்து, எழுதியதையெல்லாம் உடனுக்குடன் டிஸ்கில் இறக்காமல், சில சமயம் அரை நிமிஷம்வரைகூட நினைவகத்திலேயே வைத்துக்கொண்டிருப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சுபாவம் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். முறையாக அணைக்கச் சொன்னால், காற்றின் போக்கைக் கண்ட கரைப் பெரியவர் ஏரியிலுள்ள தோணிகளைக் கூவியழைப்பதுபோல், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கெல்லாம் வேலையை முடித்துக்கொள்ளும்படி சமிக்ஞை அனுப்பி, அவகாசமும் கொடுத்து (இன்றைய லினக்ஸ் பலவற்றில் அது சாதாரணமாக 90 விநாடி), அதற்கும் அசையாத பிடிவாதக்காரர்களை நிர்த்தாட்சண்யமாக நிறுத்தி, நினைவில் தேங்கியவற்றை டிஸ்கில் எழுதி, டிஸ்கையும் விடுவித்த பிறகே அது மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ரீஸ்டார்ட்டுக்கும் இதே சடங்குதான். கடைசியில் உறங்குவதற்குப் பதில் முதலிலிருந்து விழித்தெழும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் பல யந்திரங்களில் ஷட் டவுன் என்பது அரைத் தூக்கமாகிவிட்டபடியால், ரீஸ்டார்ட்டே முழு ஸ்நானம் என்பது என் அபிப்பிராயம்.

நாலைந்து தினங்களுக்குப் பின் கரண்ட் வந்தது. லேப்டாப் எழுந்ததும் திரையில் ஓர் ஆங்கில வரி ஓடி மறைந்தது. நாள்வழியை மீட்கிறேன் என்பது அதன் தாத்பரியம். ஏலம் எடுக்கும் வியாபாரி முதலில் நாள்வழியில் குறித்துக்கொண்டு, பிறகு ஆற அமரப் பேரேட்டில் ஏற்றுகிறாரே, அதே வழக்கம் 2001ஆம் வருஷம் லினக்ஸுக்குள் வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தனியிடத்தில் குறித்துவிட்டே உரிய இடத்தில் எழுதுவதால், நடுவில் உயிர் போனாலும், விழித்தவுடன் முழுமையாகக் குறித்ததை ஏற்றி, அரைகுறையைத் தள்ளிவிட்டு, அது மேலே நடக்கிறது. ஆனால் இந்த நாள்வழி பெரும்பாலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறதென்ற விவரத்தைக் காக்குமேயல்லாமல், கடைசியாகத் தட்டிய வரிகளுக்கு ஜாமீன் நிற்காது.

கணக்குக் கோப்பு திறந்தது. கடைசி மூன்று வரிகளைக் காணோம். அவள் முகம் வாடியதைக் கண்ட பாட்டி, அறுந்த வலையிலிருந்து கண்ணெடுக்காமலே, “எழுதிக்கோடி” என்று சொல்லி, புயலுக்கு முந்திய தினத்து இறாலையும் நண்டையும், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதையும் ஒவ்வொன்றாக ஒப்பிக்கத் தொடங்கினாள்.