அத்தை திறந்த ஜன்னல்

"ஊர் ஊருக்கு லாட்ஜ் இருக்கிறபோது, வேனுக்குள் படுக்க வேண்டுமென்று தலையெழுத்தா?" எங்கள் தெருவில் இப்படிக் கேட்காதவர்கள் இல்லை. நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அந்த வண்டி வீட்டுக்கு வந்த கதையைச் சகோதரிகளான உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

மூன்று வருஷத்துக்கு முன், வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போனோம். நான், என்னவர், அத்தை (என் மாமியார்தான்), எங்கள் பையன். உறவினர் ஒருவரின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு பிரயாணம். தரிசனம் முடியவே இரவு பத்து மணி. திருவிழாக் கூட்டத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. திண்டுக்கல்லுக்கோ இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சரி, கிளம்பினோம். தூத்துக்குடி தாண்டியதும் கார் மெல்ல ரோட்டோரம் இழுத்தது. பார்த்தால் என்னவரின் கண் சொருகிப் போயிருக்கிறது!

"போதும், நிறுத்துங்க" என்று கத்தினேன். மூடிக் கிடந்த கடை ஒன்றின் சுவரை ஒட்டி நிறுத்தினார். நல்ல புழுக்கம். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு படுத்தோம்.

"இந்த ஏசி காத்து எனக்கு ஒத்துக்காது தாயி, முட்டியெல்லாம் குத்துது" என்று அத்தை மட்டும் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார். "குளிரெல்லாம் வெளியே போகுதே அத்தை" என்று சிடுசிடுத்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். அத்தைதான் என்னை உலுக்கி எழுப்பினார். தலை பிளந்துவிடும் போல் வலி. கீழே இறங்கினால் கால் தள்ளாடுகிறது. பையன் வாந்தி எடுத்திருந்தான். கன்னத்தைத் தட்டத் தட்ட அவன் கண் மேலே போயிற்று. அவனை வாரித் தூக்கிக்கொண்டு வெளிக்காற்றுக்கு ஓடினேன். வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் "அம்மா" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக நான் வேண்டாத தெய்வமில்லை.

"இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினீங்களா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். ஊருக்கு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால், புகைக்குழாயில் துருப்பிடித்து ஓட்டை. பின்னால் சுவர் இருந்ததால் புகை கலைந்து போகாமல் காருக்கடியிலேயே தேங்கி, உள்ளே ஏறியிருக்கிறது.

அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளுமாம். பிறகு பிராணவாயுவுக்கு ரத்தத்தில் இடமேது? தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே, சகல வசதியும் உள்ள கேரவன் வண்டிக்குள் படுத்திருந்த இருவர் இறந்துபோனார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த இதே வாயுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்காகக் கோயில் குளம் போகாமல் இருக்க முடியுமா? தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவதும் எமன்தான். படுப்பதற்குத் தோதாக நமக்கென்று ஒரு வண்டி இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

யோசனை சொன்னவர் அத்தைதான். அவர் சிறுமியாக இருந்தபோது ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்களாம். அடியில் வைக்கோல், மேலே ஜமுக்காளம். ராத்திரி மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்குள் படுக்கை. "மெத்தையை மாடு தின்னுடும். திரும்பி வர்றப்ப வெறும் பலகைதான். ஆனா முன்னும் பின்னும் திறந்திருக்கும், காத்து குறுக்கே ஓடும்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அது போதும். வண்டி பார்க்கப் போகும்போது ஒரு கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அத்தையையும் அழைத்துப் போனேன். என்னவர் இன்ஜினைப் பார்த்தார். நான் பாயை விரித்தேன். வியாபாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டுமே! இரண்டு கார்களில் சீட்டைச் சாய்த்தால் நடுவில் மேடு இடுப்பைக் குத்தியது. கடைசியில் ஒரு பழைய மாருதி ஆம்னி. 2019-லேயே அது உற்பத்தி நின்றுவிட்டதால் பழைய வண்டிதான் கிடைக்கும். எட்டுப் பேர் வண்டி; பின்சீட்டுகள் இரண்டும் எதிரெதிரே பார்த்தபடி இருக்கும். நடுப்பள்ளத்தில் பலகை போட்டால் கட்டில்! அத்தை கால் நீட்டினால் நாலு விரல் மிச்சம். விலை பேசி முடித்தோம்.

முதல் செலவு மெத்தைக்கல்ல, புகைக்குழாய்க்கு. புதிதாக மாற்றினோம். தச்சரிடம் சொல்லி, தாங்குகால் வைத்த இரண்டு பிளைவுட் பலகைகள் செய்து வாங்கினேன். சீட்டைக் கழற்றி வெல்டிங் வைக்கவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுக்காது. பலகை மேல் இலவம்பஞ்சு மெத்தை. பழைய சின்னாளபட்டி சுங்குடிப் புடவை திரைச்சீலையாயிற்று. ஜன்னல்களுக்குக் கொசுவலை வெட்டி, ஓரத்தில் ஒட்டுப்பட்டை தைத்தேன். பேட்டரி விசிறி ஒன்று. முன்சீட்டுக்கடியில்தான் இன்ஜின், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். ஆகவே பின்கதவுப் பக்கம்தான் தலை வைப்போம்.

நாங்கள் தவறாமல் கடைப்பிடிப்பவை இவை:

வண்டி நின்றதும் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுவோம். ஏசி கிடையாது. எதிரெதிர் ஜன்னல்கள் நாலு விரல் திறந்தே இருக்கும். இன்ஜின் ஓடினால் அந்த இடைவெளியை நம்பிப் படுக்கவே கூடாது. அன்று நாங்கள் பிழைத்தது அதிர்ஷ்டம்.

உள்ளே ஸ்டவ், கொசுவர்த்தி, கரி எதுவும் பற்றவைப்பதில்லை. கொடைக்கானல் குளிருக்கும் கம்பளிதான்.

ஓடும்போது யாரும் படுப்பதில்லை. பலகைகளைக் கயிற்றால் கட்டிவிடுவோம். சடக்கென்று பிரேக் போட்டால் அவை பறந்து மண்டையில் அடிக்கும்.

வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கில் சொல்லிவிட்டு நிறுத்துவோம். பெண்களுக்குக் கழிவறை முக்கியமல்லவா?

இளம் தாய்மார்களே, "அஞ்சு நிமிஷம்தானே" என்று குழந்தையை வண்டியில் விட்டுப் பூட்டாதீர்கள். வெயிலில் பத்தே நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

போன தடவை ராமேஸ்வரம் போனபோது, படுக்குமுன் பையனே எழுந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தான். பிறகு இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் விரல் வைத்து அளந்தான். "சரியா இருக்கா அப்பத்தா?" என்றான். அத்தை பதில் சொல்லவில்லை. அதற்குள் குறட்டை!

சிடுசிடுத்த அந்த இரவுக்காக அத்தையிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் ஜன்னல் ஓரத்தை மட்டும் அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.