விக்டோரியா டே முடியட்டும்

ஸ்காபரோவில் மார்ச் கடைசி. வேலியடியில் அழுக்கேறிய பனி இன்னும் கரையவில்லை. பழைய பிரிட்ஜின் தலையிலிருந்து தயிர் டப்பா ஒன்றை இறக்குகிறார் அம்மம்மா. மிளகாய் நன்றாக முளைக்க 25 பாகைக்கு மேல் சூடு வேண்டும், வீட்டுக்குள் 20தான். இந்த வீட்டில் எந்நேரமும் இளஞ்சூடாக இருப்பது அந்த இடம் ஒன்றே. மூடியைத் திறந்து, மண்ணைப் பார்த்து, திரும்ப ஏற்றி வைக்கிறார்.

வாளியில் தும்புச்சோற்றுக் கட்டி. சுடுதண்ணீர் ஊற்ற ஊற்றப் பொங்கி எழுகிறது. பொதியில் 'இலங்கைத் தயாரிப்பு' என்றிருக்கிறது. ஊரில் காசு கொடுத்து வாங்காத சாமான்!

கத்தரி விதை, கிழித்த நாட்காட்டித் தாளில் மடிந்து கிடக்கிறது. தாளில் போன செப்டெம்பரின் ஒரு திகதி, அன்றைய ராகுகாலம்.

யன்னலடித் தட்டில் தக்காளி எழும்பிவிட்டது. ஒன்று மட்டும் விதைக்கோதைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டு நிற்கிறது, இலை விரியவில்லை. இழுத்தால் இலையும் சேர்ந்து வந்துவிடும். சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, கோதின்மேல் வைத்து, ஊறும்வரை பிடித்திருக்கிறார். அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் மணம். அசையவில்லை. பிறகு இரண்டு நகங்களுக்கிடையில் மெல்லத் திருக, கோது கழன்றுவிடுகிறது. அதன் பிறகுதான் அடுப்பு.

திரும்பி வந்து நாற்றுகளின் மேல் உள்ளங்கையை ஓட்டுகிறார்.

"ஏன் அம்மம்மா தடவுறியள்?" குழல்விளக்கை இரண்டு அங்குல உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருந்த பேரன் கேட்கிறான். விளக்கு எட்ட இருந்தால் நாற்று நெடுத்துச் சாய்ந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். இது தெரியாது.

"உள்ளுக்குக் காத்து இல்லைத்தானே ராசா. ஆட்டிவிட்டாத்தான் தண்டு தடிக்கும்."

படித்தவர்கள் சொல்வதும் அதுதான். அவர்கள் மின்விசிறி வைப்பார்கள்.

தொலைபேசி அடிக்கிறது.

"கத்தரிக் கண்டோ? தாறன். விக்டோரியா டே முடியட்டும். ஓம், மே 25க்கு முந்தின திங்கள். அதுக்கு முதல் ஒரு இரவு உறைபனி கொட்டினாலே எல்லாம் கருகிப்போம்."

மறுமுனை கெஞ்சுகிறது போலும்.

"கடைசிக் கிழமை பகலில வெளியில, இரவில உள்ளுக்கு எண்டு நான் தூக்கித் திரியோணும். நீ செய்வியே? போன வருசம் அவசரப்பட்டுக் கொண்டுபோய் நட்டனீ, ஒண்டும் மிஞ்சேல்லை. பத்துக் கண்டு எழுதி வைக்கிறன். சாடியை நீதான் கொண்டு வரோணும்."