எங்கள் தெருக் காவல்

எங்கள் ஊர் தென்னேரியில் ஏரியும் பெரிது, தறிச் சத்தமும் பெரிது. எங்கள் தெருவில் தறிக்குழி இல்லாத வீடு குறைவு. தறியிலுள்ள பட்டும் சரிகையும் பெரும்பாலும் முதலாளி கொடுத்தவை. காணாமற்போனால் நெய்தவர் கூலியில்தான் பிடிப்பார்கள். ஆகவே சென்ற கார்த்திகையில் இரண்டு வீடுகளில் சரிகை திருடு போனபோது தெருவே உறக்கத்தை இழந்தது.

பிள்ளையார் கோவில் திண்ணையில் கூட்டம் கூடினார்கள். இரவு பதினொன்று முதல் நான்கு மணிவரை வீட்டு முறை வைத்து நான்கு பேர் காவல் என்று முடிவாயிற்று. நான்கு மணிக்குப் பிறகு கவலையில்லை. பாவு போடுகிறவர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஊரே ஊரைக் காப்பது புதிய சங்கதியன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ‘பாடிகாவல்’ என்று காவலுக்கான வரி ஒன்று காணப்படுகிறது. முறைப் புத்தகம் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது.

இளைஞர்கள் அன்றே சவுக்குக் கட்டைகளைக் கொண்டு வந்து அடுக்கினார்கள். அதைப் பார்த்த என் பாட்டி, "ஏண்டா தம்பிகளா, போளூர் பக்கத்துல நடந்தது மறந்துபோச்சா?" என்றார். தோழியரே, உங்களிற் சிலர் அப்போது சிறு குழந்தைகள். 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வத்தைக் கும்பிட வந்த ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கைப்பேசியில் பரவிய பிள்ளை பிடிப்பவர் வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்ததில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இறந்தார். அடித்தவர்களும் ஊரைக் காப்பதாகத்தானே நினைத்திருப்பார்கள்!

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இன்னொன்றையும் சொன்னார். 1993-இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பு தமிழகமெங்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபின், அவ்வமைப்பினர் மீதும் புகார் எழ, ஜூலையில் அரசு அதைத் தடைசெய்தது. "பார்க்கிறவன் வேற, பிடிக்கிறவன் வேற, தண்டிக்கிறவன் வேற. நாம முதல் வேலையோட நிக்கணும்" என்றார் அவர்.

கட்டைகள் அடுப்புக்குப் போயின. ஆளுக்கொரு டார்ச், ஒரு விசில், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் நின்று பேர் கேட்பது. கை வைக்கக் கூடாது. 112-க்குப் போன் செய்வது. காவல் நிலையத்திலும் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மார்கழியில் ஓரிரவு இரண்டு மணிக்கு விசில் கேட்டது. கைப்பையுடன் ஓர் இளைஞர். தமிழ் தெரியவில்லை, உடம்பெல்லாம் நடுக்கம். சிலருக்குக் கை துறுதுறுத்ததாக அப்பா சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் அவர் கழுத்தில் ஒரகடம் தொழிற்சாலை ஒன்றின் அட்டை தெரிந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினார்கள். வேலைக்குப் புதிதாக வந்தவராம், வழி தவறிவிட்டாராம். அவர் எங்கள் திண்ணையில் படுத்துறங்கி, காலையில் அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறினார். முறைப் புத்தகத்தில் அவர் பெயரை நான் எழுத, எழுத்துப் பிழையை அவரே திருத்தினார், இந்தியில்தான்!

போன சரிகை இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் போகவுமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. மறுநாள் சேலை அறுத்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் அப்பா தறியை விட்டு எழ முடியாது. அம்மாவும் அடுத்த வீட்டு அத்தையும் உட்காரப் போகிறார்கள்.